ஒன்பதுக்கு ஏழு

செயின்ட் லூஸ், மெயின்
12 அக்டோபர் 1986

அன்புள்ள ஹேரியட்,

உருளைக்கிழங்கு அறுவடை முடிந்து பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மூன்று வாரம் வயலில் நின்ற பிள்ளைகள் நகக்கண்ணில் மண்ணோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். உன் முட்டி வலியைப் பற்றி நீ எழுதவேயில்லை. அதிலிருந்தே அது கூடியிருக்கிறது என்று தெரிகிறது.

நாம் படித்த ஹாத்தர்லி கல்லூரிக்கு இந்த வருடம் எங்கள் பக்கத்திலிருந்து விண்ணப்பிப்பவள் ஒரே ஒரு பெண். நொயெல்லா டேகிள், பன்னிரண்டாம் வகுப்பு. பழைய மாணவி என்ற முறையில் வழக்கம்போல் என் வீட்டு முன்னறையில் அவளை நேர்காணல் செய்தேன்.

"நீ சாதிச்சது ஏதாவது இருந்தா சொல்லும்மா."

"அப்படி ஒண்ணும் இல்லீங்க, மேடம். அறுவடை மிஷின்ல நின்னு, கிழங்கோட சேந்து வர்ற கல்லைப் பொறுக்குவேன்."

"இங்க எல்லாரும்தான் பொறுக்குறாங்க."

"நான் எழுதி வெப்பேன்."

எந்த வரிசையில் எத்தனை கல், என்ன எடை என்று நான்கு வருடமாக நோட்டில் குறித்து வைத்திருக்கிறாளாம். எதற்கு என்றேன். "கல்லு எங்கேருந்து வருதுன்னு யாரும் கேக்கலையேன்னுதான்" என்றாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள், தொடங்கிய வாக்கியத்தை முடித்தாள், தற்பெருமை துளியும் இல்லை. ஒன்பதுக்கு ஏழு போட்டிருக்கிறேன். பதினான்கு வருடத்தில் நான் போட்ட முதல் ஏழு இது.

சேர்க்கைக் குழுவில் உட்காருகிறவள் நீ. இவளுக்கு இடம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? பூசி மெழுகாமல் சொல்.

உன் லியோந்தீன்


ஹாத்தர்லி, மாசசூசெட்ஸ்
25 அக்டோபர் 1986

என் அன்பு லியோந்தீன்,

முட்டி வலி கூடித்தான் இருக்கிறது. ஜூனில் ஓய்வு பெறும்வரை மாடிப்படி ஏறினால் போதும்.

பூசி மெழுகாமல் என்றாய். நூற்றுக்குப் பத்து. கணக்கில் அவள் பிரமாதம், ஆங்கிலம் சுமார். சின்னப் பள்ளி என்பதைக் குழு பெரிதாக எடுத்துக்கொள்ளாது. அவளைக் கீழே இழுக்கப்போவது உன் ஏழு.

கனெக்டிகட்டில் நேர்காணல் செய்யும் ஒரு பெரியவர், அழுத்திக் கைகுலுக்கும் பையன்கள் எல்லாருக்கும் ஒன்பது போடுகிறார். மற்றவர்களும் எட்டுக்குக் குறைந்து போடுவதில்லை. அவர்கள் ஏழு போட்டால், பையன் பேச்சு நடுவே கொட்டாவி விட்டான் என்று அர்த்தம். குழு உன் தாளையும் அப்படித்தான் படிக்கிறது. இதுவரை நீ அனுப்பிய பதினோரு பேரில் ஒருவருக்கும் இடம் கிடைக்காதது அதனால்தான்.

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். முதல் வருடம், "கொஞ்சம் தாராளமாக எழுதேன்" என்று கேட்டேன். நீ என் கடிதத்தையே பிழை திருத்தித் திருப்பி அனுப்பினாய். அதற்குப் பிறகு எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போதும் நேரம் இருக்கிறது. ஜனவரி வரை புதிய அறிக்கை அனுப்பலாம்.

உன் ஹேரியட்


செயின்ட் லூஸ்
31 அக்டோபர் 1986

அன்புள்ள மிஸ் ஹேரியட் லூமிஸ்,

பதினோரு பேர். ஒவ்வொருவருக்கும் இடமில்லை என்று கடிதம் வந்தபோது நான் அவர்கள் வீட்டுக்கே போய், இந்த வருடம் போட்டி அதிகம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீங்கள் வாய் திறக்கவில்லை.

கனெக்டிகட்காரருக்கு அளக்கத் தெரியாது என்பதற்காக நான் என் அளவுகோலை மாற்ற முடியாது. ஏழு என்றால் ஏழு.

இப்படிக்கு,
திருமதி லியோந்தீன் சியர்


செயின்ட் லூஸ்
9 நவம்பர் 1986

ஹேரியட்,

கோபம் இன்னும் இருக்கிறது. அதை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன்.

என் ஏழு சரிதானா என்று நேற்று சோதிக்கப் போனேன். உனக்காக அல்ல, எனக்காக. மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ஒரு கல்லை நோட்டை வைத்தே அவள் காட்டிவிடுவாளா என்று பார்க்க. அந்தப் பெண் வேலை செய்யும் ஃபெர்னான் மிஷோவின் வயல். உறைபனியில் மேல்மண் இறுகிக் கிடந்தது.

"வாங்க மேடம்! சர்ச்சுக்குப் போற ஷூவைப் போட்டுக்கிட்டு வயலுக்கு வந்திருக்கீங்களே!" என்றார் மிஷோ.

"ஷூவை நான் பாத்துக்கறேன். நீங்க தோண்டுற வழியப் பாருங்க."

நொயெல்லா நோட்டைப் பிரித்தாள். அடி எண்ணி நடந்து போய் ஒரு குச்சியை நட்டாள். "இங்க. மூணடி ஆழத்துல. கன்னுக்குட்டி அளவு இருக்கும்."

மிஷோ என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, தோண்டும் இயந்திரத்தைக் கிளப்பினார். ஓரடி, ஈரடி. வெறும் மண், ஒரு கூழாங்கல்கூட இல்லை. ஏழோடு நிறுத்தியது நல்லதாயிற்று என்று நினைத்தேன். மூன்றாவது அடியில் இரும்பு 'ணங்' என்று மோதியது.

சுற்றிலும் மண்ணை வழித்தார்கள். படுத்திருக்கும் கன்றின் முதுகு போல, சாம்பல் நிறத்தில், அது அங்கே இருந்தது. பனியுகத்துப் பனிப்பாறைகள் விட்டுப்போன நாளிலிருந்து மனிதக் கண் படாத கல், ஹேரியட். அந்தப் பெண் அதை ஒரு நோட்டுக்குள் பார்த்திருக்கிறாள்.

மிஷோ தொப்பியைக் கழற்றிவிட்டார். "எப்படிம்மா?" என்றேன்.

"ஒவ்வொரு குளிருக்கும் கல்லெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா மேல வருது, மேடம். கீழேருந்து பெருசு ஏறி வந்தா சின்னதுங்க ரெண்டு பக்கமும் ஒதுங்குது. அப்படி ஒதுங்கினதைத்தான் எண்ணினேன்."

பூசையில் மணி அடிக்கும்போது தலை தானாகக் குனியுமே, அப்படிக் குனிந்தது. காலுக்கடியில் எத்தனை வருடமாக என்னவெல்லாம் நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது! நான் அதன்மேல் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேன்.

என் அளவுகோலில் அவள் அடங்கவில்லை. புதிய அறிக்கை இத்துடன் இருக்கிறது. ஒன்பது. எழுத்து கோணலாக இருக்கும். திருத்தவில்லை.

லியோந்தீன்


ஹாத்தர்லி
11 ஏப்ரல் 1987

என் அன்பு லியோந்தீன்,

சேர்த்துக்கொண்டார்கள். சேர்க்கைத் தாள்களோடு கனமான உறை நேற்றே தபாலில் கிளம்பிவிட்டது.

உன் தாளைப் பார்த்ததும் குழுவில் புதிதாக வந்த இளைஞன், "ஒன்பதுதானே, எல்லாரும் போடறதுதான்" என்று சிரித்தான். நீ எழுதிய பழைய அறிக்கைகள் பதினொன்றையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பினேன். ஐந்து, ஆறு, ஐந்து, நான்கு. கை மாற்றி மாற்றிப் படித்தார்கள். பிறகு உன் புதிய தாளை மறுபடி எடுத்தார்கள். கைகள் எல்லாம் உயர்ந்தன.

அந்த இளைஞன் மட்டும் ஒரு பழைய தாளைக் கீழே வைக்கவில்லை. "ஆறு வாங்கின இந்த ரோலாண்ட் வெலெட்... இவனை எப்படி விட்டோம்?" என்று கேட்டான். பதில் சொல்ல வேண்டியவள் நான். அந்தக் கூட்டத்திலும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். என்னை மன்னிப்பாயா?

உன் ஹேரியட்


செயின்ட் லூஸ்
ஈஸ்டர் திங்கள், 20 ஏப்ரல் 1987

அன்புள்ள ஹேரியட்,

உறை வந்தது. நொயெல்லா அதைப் பிரிக்காமலே என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கனத்தைப் பார்த்தாலே தெரிகிறது, பிரி என்றேன். படித்துவிட்டு, "அங்க நிலத்துல கல்லு உண்டா, மேடம்?" என்று கேட்டாள். நிறைய என்றேன்.

பிறகு ரோலாண்ட் வெலெட்டைப் பார்க்கப் போனேன். வயது முப்பது இருக்கும், டயர் கடை வைத்திருக்கிறான். கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே ஆரம்பித்தேன். "ரோலாண்ட், அன்னிக்கு நான் உனக்கு ஆறு போட்டேன்."

"ஆறா! நீங்களா, மேடம்?" உள்ளே திரும்பிக் கத்தினான். "ஏய், லிஸ்! இங்க வா! மேடம் சியர் எனக்கு ஆறு போட்டாங்களாம்!"

மனைவியும் வந்து நின்றாள். இருவர் முன்னும் மீதியைச் சொன்னேன். அந்த ஆறுதான் அவன் வழியை அடைத்தது என்று சொன்னேன். கையில் இருந்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

"சரி, மேடம்" என்றான். "ஆனா நீங்க போட்டது ஆறு. இல்ல?"

மன்னிப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். இன்னும் பத்து வீடு பாக்கி. தனியாகப் போய்ப் பார்த்துவிட்டேன், இனி என்னால் ஆகாது. ஜூனில் ஓய்வு பெற்றதும் புறப்பட்டு வா. கதவை நான் தட்டுகிறேன். இந்த முறை நீ பேசு.

உன் லியோந்தீன்