பென்சில் வட்டத்துக்குள் ஒரு மருமகள்

என் செல்ல மருமகளே வதனா,

ஏழு கடலையும் ஒற்றைத் துடுப்பால் கலக்கியவனும், இலங்கைத்துறைத் திமிங்கிலங்களை வரிசையில் நிற்க வைத்தவனுமாகிய உன் மாமன் எழுதுகிறேன். சிரிக்கிறாயா? அங்கே சிரித்தால் சத்தம் கேட்குமா?

போன கிழமை கனவில் வந்தாய். துறைமுகத் தண்ணீரின் மேல், கையில் மஞ்சளாய் மினுங்கும் கண்ணாடிக் குழாயோடு நடந்து வந்தாய். “கிட்ட வராதேங்கோ மாமா, கலங்கிடும்” என்றாய். விழிக்கும்வரை அசையாமல் நின்றேன்.

நீ கடைசியாக லீவில் வந்தபோது உள்ளங்கையளவு வடிதாள் ஒன்று தந்தாயே. நடுவில் பென்சிலால் ஒரு வட்டம், வேறொன்றுமில்லை.

“இந்த வட்டத்துக்குள்ள என்ர நாலு வருச வேலை காய்ஞ்சு கிடக்கு மாமா. தண்ணி படக்கூடாது.”

“ஒண்டையும் காணேல்லையே பிள்ளை!”

“கண்ணுக்குத் தெரியாது. ஒரு கிருமியின்ர பரம்பரையலகு அது. அதைப் பற்றீரியாவுக்குள்ள விட்டா, அது ஒரு நொதியம் செய்து தரும். அந்த நொதியம் மஞ்சள் விற்றமின் ஒண்டுக்கு வால் கட்டும். வால் கட்டினாத்தான் அது துணைநொதியமாகி உடம்பில வேலை செய்யும்.”

“பட்டம் மாதிரியோ?”

“ஓம் மாமா. வாலில்லாப் பட்டம் பறக்குமே?”

பத்தாம் நாள் உனக்குக் காய்ச்சல். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வெருகல் பக்கமும் பாதை பூட்டு, மூதூர்ப் பக்கமும் பூட்டு. இதில் பெருப்பித்துச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

பிறகு, ஆய்வுகூடத்தில் உன்னோடு வேலை செய்த கிண்ணியாப் பிள்ளை நசீராவின் கடிதம் வந்தது. மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் குளிர்ப்பெட்டி நின்று, உன் பற்றீரியாக்கள் எல்லாம் செத்துவிட்டனவாம். ‘அந்தக் கடதாசி இருக்கா மாமா? வேற இல்லை’ என்று எழுதியிருந்தாள்.

இருந்தது. சாமிப்படத்துக்குக் கீழே, நல்ல காரியக் கடதாசிக்குச் செய்வதுபோல நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்திருந்தேன். திட்டாதே, கேள்.

அதை எடுத்துக்கொண்டு நசீராவின் ஆய்வுகூடத்துக்குப் போகும் வழியில், சீனன்குடாச் சோதனைச்சாவடியில் ஓர் ஆமிக்காரன் அதை வெயிலில் தூக்கிப் பிடித்தான். நடுவில் வட்டம், சுற்றி நாலு மஞ்சள் பொட்டு. அவனுக்குப் பின்னால் எண்ணெய்த் தாங்கிகள், வட்டம் வட்டமாக; அவற்றின் வரைபடம் என்றே நினைத்துவிட்டான்.

“இது மெப்! டாங்கி மெப்! உள்ள எழுத்து இருக்கு. தண்ணி போட்டா வரும்” என்றவன் போத்தல் மூடியைத் திருகினான்.

என்னுடைய பத்தாயிரம் பொய்களில் ஒன்றாவது உதவிக்கு வரவேண்டுமே! ஒன்றும் வரவில்லை.

“ஐயா, தண்ணி வேண்டாம். மஞ்சள் நான் தடவினது, சாமிக்கு. வட்டத்துக்குள்ள என்ர மருமகள் செய்த வேலை இருக்கு. அவ செத்திட்டா. வேற இல்லை.”

“மகளா?”

“அக்காவின்ர மகள்.”

அவன் போத்தலை மூடினான். வட்டத்தில் விரல் படாமல், கடதாசியை ஓரத்தில் பிடித்துத் திருப்பித் தந்தான். நான் சொன்னதை ஒருவர் நம்பியது அதுதான் முதல்தடவை.

“மீன் ஆணம் காய்ச்சவா மாமா மஞ்சள் போட்டீங்க?” என்று நசீரா ஏசினாள். வட்டத்தை மட்டும் வெட்டியெடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, புதுப் பற்றீரியாவோடு சேர்த்தாள். நான் ஊர் திரும்பினேன். நேற்றுத்தான், சொல்லிவைத்தபடி நான் காத்திருந்த திருகோணமலைத் தொலைபேசிக் கடைக்கு அவளுடைய அழைப்பு வந்தது.

“மாமா, மங்கிட்டு! மஞ்சள் வெளிச்சம் மங்கிட்டு!”

தொலைபேசியைப் பிடித்தபடியே அழுதுவிட்டேன். எல்லாம் போய்விட்டது என்றே நினைத்தேன், பிள்ளை.

“ஏன் மாமா அழுறீங்க? வாலில்லாத விற்றமின்தான் ஊதா விளக்கில அப்படி மினுங்கும். வால் ஏறினா மங்கிடும். வதனாட நொதியம் வேலை செய்யுது!”

வெளியே வந்தேன். துறைமுகத்தில் வெயில் மஞ்சளாய் இறங்கி, மெல்ல மெல்ல மங்கிக்கொண்டிருந்தது. கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றேன். உன் கனவுக் குழாயும் இப்போது மங்கியிருக்குமா?

நசீரா புது வடிதாள் ஒன்றில் வட்டம் போட்டு அனுப்புகிறாளாம், என்னிடமே இருக்கட்டும் என்று. இந்தமுறை மஞ்சள் தடவமாட்டேன், சத்தியம். திமிங்கிலக் கதைகளை என்னால் விட ஏலாது. ஆனால் அந்த வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும், ஆமிக்காரனுக்குச் சொன்னதை மட்டுமே சொல்வேன். ஒரு சொல் கூட்டமாட்டேன்.

திமிங்கிலங்களின் தளபதியும்,
உன் அம்மாவின் ஒரே தம்பியுமான
தாய்மாமன்