நாலாவது அடியில் தண்ணி

ஏனுங்க,

இன்னைக்குக் காலையில் நம்ம தெரு அடிபம்பு, கைப்பிடியை அமுக்கி ஒன்பதாவது அடிக்குத்தான் தண்ணி கொடுத்தது. குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்து, பரண்மேல் இருந்த உங்க தகரப் பெட்டியை இறக்கினேன். மூடியைத் திறந்ததும் தோலும் விளக்கெண்ணெயும் கலந்த அந்த வாசம். தை மாசம் நீங்க கண்ணை மூடினதிலிருந்து நான் அதைத் திறக்கவே இல்லை. துணியில் சுற்றி, பம்புக்குள் மாட்டுகிற வாசர் ஒரே ஒன்று மீதி இருந்தது. எருமைத் தோலை ஊறவைத்து, அச்சில் அமுக்கி, சின்னக் கிண்ணம் மாதிரி உங்க கையால் செய்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மூணாம் வகுப்போடு நின்ற எனக்கு, உங்களுக்குக் கடுதாசி எழுதித்தானே எழுத்தே வந்தது. அதனால் இதையும் எழுதுகிறேன். எங்கே போய்ச் சேருமோ தெரியாது.

நம்ம தெருவுக்கு அந்தப் பம்பு வந்த பஞ்ச வருஷம் நினைவிருக்கிறதா? வெளிதேசத்து ஆள் ஒருவர் வந்து, வெயிலில் முகம் வெந்துபோக நின்று மாட்டிக் கொடுத்தார். தண்ணி வந்ததும் தொப்பியைக் கழற்றி அதிலேயே பிடித்துக் குடித்தார். நாம பேர்கூடக் கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து, திருச்செங்கோட்டில் நீங்க வேலை பார்த்த, போர் போடுகிற ரிக் வண்டிப் பட்டறைக்கு யாரோ வந்து ஆள் கேட்டார்கள். ஜாம்பியா தேசத்தில் அடிபம்பு மாட்ட வேண்டும், ஊர்க்காரர்களுக்குப் பழுது பார்க்கவும் சொல்லித்தர வேண்டும், ரெண்டு வருஷம், சோறும் தங்க இடமும் மட்டும்தான் என்று. நீங்க சரி என்றுவிட்டு வந்து நின்றீங்க. எங்க அண்ணனுக்குத் தாங்கவில்லை.

"ஏனுங்க மாப்ள, சும்மா வேலை செய்யக் கடல் தாண்டிப் போறீங்களாமா? எங்க மாட்டுக் கொட்டாயி கூரை ஒழுவுது. அதையும் ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிருங்க."

நீங்களும் சிரித்துவிட்டு, என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னீங்க. "அந்தத் தொப்பிக்காரருக்கும் ஊட்டுல ஒரு பொண்டாட்டி இருந்திருப்பா, அம்மிணி."

எனக்கு ரெண்டு எருமை இருந்தது துணைக்கு. போய்ட்டு வாங்க என்றேன்.

உங்க முதல் கடுதாசியை எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு ஒரு பொழுது ஆனது. அங்கேயும் சனங்க மரவள்ளி, நம்ம குச்சிக்கிழங்குதான் தின்கிறார்கள் என்று எழுதியிருந்தீங்க. ஆத்தூர்ப் பக்கம் காட்டுக் காடாக நிற்கிற அதே கிழங்கு. அத்தனை பெரிய கடலுக்கு அந்தப் பக்கமும் அதையே வேகவைத்துத் தின்கிறார்கள் என்றதும் எனக்கு மேல் சிலிர்த்துப் போனது. கடுதாசியை எடுத்துப் போய் அண்ணனுக்கும் காட்டினேன்.

அப்புறம் வந்த கடுதாசிகளில் உங்க கை தளர்ந்திருந்தது. ஊருக்கு ரெண்டு ஆம்பளைகளைப் பொறுக்கி, எல்லாம் சொல்லிக் கொடுத்து, ஸ்பேனரையும் அவங்க கையில் கொடுத்தீங்க. நம்ம ஊரிலும் அப்படித்தானே செய்வோம். மூணு மாசம் கழித்துப் போய்ப் பார்த்தால் பம்பு பம்பாக நின்றுபோயிருந்தது. ஆம்பளைகள் சுரங்க வேலைக்குப் போய்விட்டார்கள். பொம்பளைகள் பழையபடி ஆற்று மணலைத் தோண்டிக் கலங்கல் தண்ணி எடுத்தார்கள். இன்னும் ஒரு பம்பு நின்றால் இந்த வேலையே வேண்டாமென்று மூடிவிடுவார்கள், நான் வந்தது வீணாகப் போகும் என்று எழுதினீங்க.

அதைப் படித்த அன்று எனக்குப் பழைய சண்டை ஒன்று ஞாபகம் வந்தது. நம்ம பம்பு நாலாவது அடியில் தண்ணி கொடுக்கும். ஒரு சமயம் அது எட்டானது. உள்ளே வாசர் தேய்ந்துவிட்டது என்று சொன்னேன். "உள்ள எட்டிப் பாத்துட்டு வந்தயாக்கும்?" என்று கேலி செய்தீங்க. பத்து நாளில் பம்பு நின்றது. கழற்றிப் பார்த்தால் வாசர் கிழிந்த செருப்பு மாதிரி இருந்தது. அன்றைக்கு நீங்க என் முகத்தையே பார்க்கவில்லை.

அதை ஞாபகப்படுத்தி ஒரே ஒரு வரிதான் பதில் போட்டேன். தண்ணி சுமக்கிறவ கையில் ஸ்பேனரைக் கொடுங்க என்று.

ரெண்டு மாசம் ஒரு சேதியும் இல்லை. அதற்கப்புறம் ஒரு போட்டோ வந்தது. எட்டுப் பொம்பளைகள் சேர்ந்து பூமிக்குள்ளிருந்து பைப்பை உருவுகிறார்கள். ஒருத்தி முதுகில் கைக்குழந்தை, கையில் ஸ்பேனர். பின்பக்கம் நீங்க எழுதியிருந்ததை நான் இன்னும் பார்க்காமல் சொல்வேன். "உன் கடுதாசிய ஸ்பேனர் வச்சிருக்கற இந்தப் பொண்ணுக்குச் சொன்னேன். எத்தனை அடிக்கு உங்க சம்சாரம் பயப்படுவாங்கன்னு கேட்டா. நாலுக்கு மேல போனாலேன்னு சொன்னேன். அவளுக்கு அஞ்சாம்."

அவளும் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நான் இங்கே, அவள் அங்கே. போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பம்பெல்லாம் ஓடுகிறது என்று நீங்க திரும்பி வந்து சொன்னபோதுகூட எனக்கு அத்தனை ஆச்சரியம் இல்லை.

இதுவரை எழுதி மூணு நாள் நிறுத்திவிட்டேன். பம்பு பன்னிரண்டு அடிக்குப் போய்விட்டது. பஞ்சாயத்தில் கேட்டால் புது வாசர் அடுத்த மாசம் வரும் என்கிறார்கள். இருக்கிறதோ இது ஒன்றுதான். கொடுத்துவிட்டால் உங்க கை பட்டது எனக்கு வேறென்ன இருக்கு என்று மனசு அடித்துக்கொண்டது. எதிர்வீட்டு ராசம்மா வந்து வாசலில் நின்றாள். அவள் இடுப்பில் காலிக் குடம்.

இன்னைக்கு விடிந்ததும் தெருப் பொம்பளைகள் எல்லாம் சேர்ந்து, நீங்க திரும்பி வந்த பிறகு பழக்கிக் கொடுத்த மாதிரியே, பைப்பை உருவினோம். ஸ்பேனர் என் கையில். விளக்கெண்ணெயில் ஊறியிருந்த உங்க வாசரை நானே மாட்டி இறக்கினேன். ராசம்மா கைப்பிடியைப் பிடித்தாள். தெருவே வாய்விட்டு எண்ணியது.

நாலாவது அடியில் வந்துவிட்டதுங்க.

பெட்டியில் இப்போது வாசம் மட்டும்தான் இருக்கிறது. மூடி வைத்திருக்கிறேன்.