சானடோரியத்தில் இறங்காதவள்

இன்று காலை தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பழைய புத்தகக்காரர் பரப்பியிருந்த குவியலில் ஒரு வங்கித் தேர்வு கைடைப் பார்த்தேன். நீயும் நானும் கூட்டாக வாங்கிய அதே பச்சை அட்டை. எடுத்துப் புரட்டினேன், அவ்வளவுதான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டது.

எண்பதுகளின் கடைசி. லேடீஸ் பெட்டியில் ஏறியதும் நம் பந்தயம் தொடங்கிவிடும். ஒருத்தி ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னால், அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் மற்றவள் அதே பொருளில் இன்னொன்று சொல்ல வேண்டும். தோற்றவள் ஜன்னலோர இடத்தை விட்டுத்தர வேண்டும். வெற்றி பற்றிய சொற்கள் வந்தால் எனக்குக் கொண்டாட்டம். கான்கர், வாங்க்விஷ், சப்ட்யூ என்று எதிரியை வீழ்த்தும் சொற்களாக அடுக்குவேன். நீ எப்போதும் ஓவர்கம்மோடு நின்றுவிடுவாய்.

"அது ஆறாங்கிளாஸ் வார்த்தைடி" என்று சீண்டுவேன்.

"எனக்கு அது போதும்பா. யாரையும் அடிச்சுப் போடாம ஜெயிக்கிற மாதிரி இருக்குல்ல?" என்பாய்.

தேர்வு வருவதற்குள் உனக்கு இருமல் முற்றி, சானடோரியத்தில் உள்ள காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன். தினமும் அதைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போனேன். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டில் பயந்தார்கள். வீட்டின் மேல் ஏன் பழி போட வேண்டும், நானே பயந்தேன். ஒரு வாழ்த்து அட்டை வாங்கி, எனக்குத் தெரிந்த வெற்றிச் சொற்களையெல்லாம் அதில் பகட்டாக எழுதி உன் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் அவன் வந்தான். "அக்கா படிச்சிட்டு சிரிச்சிக்கினே இருந்துச்சு. இவ்ளோ இங்கிலீஷ் எதுக்கு, ஒரு நாள் இறங்கி வரச் சொல்லுடா, தள்ளி நின்னாவது பேசட்டும்னு சொல்லிச்சு."

வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அதன் பிறகு அந்த ஸ்டேஷன் வரும்போதெல்லாம் ஜன்னலை விட்டு எழுந்து மறுபக்கம் திரும்பி நின்றுகொள்வேன். எங்கிருந்தாவது நீ பார்த்துவிட்டால்? மழைக்காலம் முடிவதற்குள் நீ போய்விட்டாய். தேர்வில் நான் தேறினேன்.

இப்போதெல்லாம் யாராவது படுத்துவிட்டார்கள் என்று காதில் விழுந்தால் போதும், கிளம்பிவிடுகிறேன். தைரியம் சொல்ல எனக்கு வராது. கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். "உங்களுக்கு எவ்ளோ நல்ல மனசு" என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்குக் கூசிப்போகிறது. நான் பார்க்க வந்தது அவர்களை இல்லை என்று எப்படிச் சொல்வேன்?