கடை முகவரிக்கு வந்த கவிதைப் புத்தகம்

அக்கா,

புழுங்கலரிசி மூட்டை அடுக்கிய கடையில் வேறு எந்த வாசனையும் நிற்காது. ஆனாலும் மேசை இழுப்பறையைத் திறந்தால் இப்போது புது அச்சு மை மணக்கிறது. நீங்கள் முன்வெளியீட்டுத் திட்டத்தில் பதிவு செய்துவைத்த கவிதைத் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது. கூரியர் உறையில் உங்கள் பெயர், அதற்குக் கீழே என் கடை முகவரி. பகலில் வீட்டில் ஆள் இருக்காது என்று எல்லாப் புத்தகத்தையும் முடிச்சூர் ரோட்டுக்குத்தானே வரவழைப்பீர்கள்.

தை மாதம் வரும் என்றார்கள். சித்திரை தாண்டியும் வரவில்லை. வாரா வாரம் "வந்துதா தம்பி?" என்று கேட்பீர்கள். "நான் இப்படி லேட்டா அரிசி அனுப்பினா ஒருத்தன் என் கடைப் படி ஏறுவானா?" என்பேன். "அரிசி லேட்டானா வயிறு காயும். இது எப்ப வந்தாலும் ஓகே தம்பி" என்றீர்கள். வைகாசியில் ஒரு காலை நீங்கள் எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம்தான் புத்தகம் வந்தது.

முதல் முறை நீங்கள் கடைக்கு வந்தது நினைவிருக்கிறது. மூட்டையின் நடுவில் குத்தூசியைச் செருகி, கொட்டிய அரிசியை உள்ளங்கையில் ஏந்தி உங்களிடம் நீட்டினேன். நீங்கள் அரிசியைப் பார்க்கவில்லை. தராசுக்குப் பின்னால் நான் கவிழ்த்து வைத்திருந்த நாவலின் பெயரைத் தலையைச் சாய்த்துப் படித்தீர்கள். எட்டாவதோடு நின்று, டிவிஎஸ் ஐம்பதில் வீடு வீடாக அரிசி போட்டு மேலே வந்தவன் நான். நாவல் படிக்கிறவன் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வியாபாரத்தில் ஏமாளி என்று நினைப்பார்கள் என்று ஒரு பயம்.

நாம் போட்டுக்கொண்ட ஒப்பந்தமும் அந்த மாதத்தில்தான். "குண்டு நாவல் பிடிச்சுப் படிச்சா எனக்கு மணிக்கட்டு வலிக்குது. கவிதைன்னா உங்களுக்குத் தலை வலிக்குது. ஆளுக்கொண்ணா எடுத்துக்கலாம்" என்றீர்கள். நாவல் என் பங்கு, கவிதை உங்கள் பங்கு. சனிக்கிழமை சாயங்காலம் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது.

கவிதையை நான் முயலாமல் இல்லை. தொழில் பழக்கத்தில் புத்தகத்தின் நடுப்பக்கத்தைப் பிரித்து நாலு வரி பார்த்துவிட்டு, "சரக்கு சுமார்" என்று மூடிவிடுவேன். "தம்பி, இது மூட்டை இல்ல. பக்கத்துக்குப் பக்கம் வேற நெல்லு" என்று கையிலிருந்து பிடுங்கிக்கொள்வீர்கள்.

வெள்ளத்தைப் பற்றி ஒரு இளைஞர் எழுதிய நாவலுக்கு நாம் போட்ட சண்டையை என் கணக்குப்பிள்ளை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். முடிச்சூரில் தண்ணீர் அவர் எழுதிய திசையிலிருந்து வரவில்லை. என் கிடங்கில் இடுப்பளவு நின்ற தண்ணீர் எனக்குத் தெரியாதா? அந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டேன் என்றேன். "தண்ணி எந்தப் பக்கம் வந்தா என்ன? மொட்டை மாடியில அந்தப் பொண்ணு நிக்கிறாளே, அது பொய்யா?" என்றீர்கள். வீட்டுக்குப் போய் மீதியைப் படித்தேன். பொய்யில்லை. ஆனால், புதுக் கதைகளிலும் கடைக்காரன் வந்தாலே எடையில் ஏய்ப்பவனாக இருக்கிறான் என்று நான் புலம்பியபோது, "அது கரெக்ட்தான் தம்பி, பாவம் நீங்க" என்று ஒப்புக்கொண்டீர்கள்.

நீங்கள் சொன்ன கவிதைகளில் ஒன்று மனத்தில் நிற்கிறது. மின்சார ரயிலில் பல்லாவரத்தில் இறங்க வேண்டிய பெண். பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒருத்தி அவள் தோளில் தூங்கிவிடுகிறாள். எழுப்ப மனமில்லாமல் இவள் தாம்பரம் வரை வந்துவிடுகிறாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, திரும்பிப் போவா."

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான். நீங்களா இருந்தா எழுப்பியிருப்பீங்களா, மாட்டீங்களா?"

எழுப்பியிருப்பேன் என்றேன். "அதான் உங்களுக்கு நாவல்" என்று சிரித்தீர்கள்.

புத்தகம் வந்ததும் உங்கள் மகள் பிரீத்திக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை ஆபீஸ் லீவு, வந்தாள். புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"நீங்களே வச்சுக்கோங்க அங்கிள். ஸ்கூல்ல நான் ஹிந்தி எடுத்தேன். பஸ் போர்டு படிப்பேன், அவ்ளோதான்." கூரியர் உறையைத் திருப்பி உங்கள் பெயரைப் பார்த்தாள். "அம்மா இதுல அப்படி என்னதான் பாத்தாங்க? கேட்டா உனக்குப் புரியாதும்பாங்க. நானும் விட்டுட்டேன். இனிமே யாரைக் கேக்கறது? ஒண்ணே ஒண்ணு படிச்சுக் காட்டுறீங்களா?"

மறுத்திருக்கலாம். கவிதை என் பங்கு இல்லையே. உங்களோடு அந்தப் பாதி எனக்கும் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தப் பெண் கேட்டது கவிதையை அல்ல, உங்களை. முதல் பக்கத்துக் கவிதையையே படித்தேன். பணி ஓய்வு பெற்ற ஒருத்தி. வேலைக்குப் போன நேரத்துக்கே விழித்து, போக இடமில்லாமல் செருப்பைத் துடைத்துவைக்கிறாள். பில் வாசிப்பதுபோல் வாசித்துவிட்டேன் போலிருக்கிறது. "மெதுவா அங்கிள்" என்றாள். இன்னொரு முறை படித்தேன்.

"நர்ஸ் வேலையிலிருந்து ரிடையர் ஆனப்புறமும் அம்மா அந்த ஆஸ்பத்திரி வெள்ளை ஷூவுக்கு பாலிஷ் போட்டுட்டே இருப்பாங்க. குப்பையில போடும்மான்னு திட்டுவேன்" என்றாள். பிறகு உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அரிசி வாங்க வந்த இருவர் காத்திருந்தார்கள். எழுந்து போகும்போது, "அடுத்த சனிக்கிழமையும் வரட்டா?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து வருகிறாள். அதனால் வாரம் முழுக்க நான் கவிதை படிக்க வேண்டியிருக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன், அக்கா, பாதி இன்னும் பதராகத்தான் படுகிறது. மூன்று வார்த்தையை மூன்று வரியாக உடைத்துவிட்டு மீதிப் பக்கத்தைக் காலியாக விடுகிறார் கவிஞர். தாள் விற்கும் விலைக்கு எனக்கு வயிறு எரிகிறது.

இன்றைக்கு இரண்டு கவிதைகளை எடுத்துவைத்தேன். ஒன்று எனக்குப் பிடித்தது. பெருங்களத்தூரில் பஸ்ஸைத் தவறவிடும் ஒரு குடும்பம், கதைபோலப் போகிறது. இன்னொன்றில் வார்டில் ஒரு கட்டில் காலியாகிறது, விரிப்பை மாற்றுகிறார்கள், முடிந்துவிடுகிறது. எனக்கு ஒட்டவே இல்லை. ஆனால் அதைப் படிக்கும்போதே, விரிப்பின் ஓரத்தை மடித்துச் செருகும் வரிக்கு வந்ததும் நீங்கள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, ரோட்டைப் பார்ப்பீர்கள் என்று தெரிந்துவிட்டது. என் ருசி அல்ல அது. எப்போது எனக்குள் வந்து உட்கார்ந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

பிரீத்தி வரும் நேரமாகிறது. எனக்குப் பிடிக்காததைத்தான் படிக்கப் போகிறேன்.