வாத்தியார் போட்ட முடிச்சு

ஸ்ரீவில்லிபுத்தூர்,
10-8-1941.

என் அருமை மகன் வில்சனுக்கு அம்மா தேவகிருபை எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் இங்கே ஒருவாறு சுகம். கொழும்பில் நீ சுகமாய் இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் ஜெபித்து வருகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. உன் கடிதம் என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். எழுதியது உன் அறைச் சிநேகிதன் இருதயம். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. யாருக்கு வேண்டும் அந்த முத்து? கப்பலேறிய நாளிலிருந்து உன் கையெழுத்தில் ஒரு வரி நான் பார்த்ததில்லை. ஒர்க்ஷாப்பில் உனக்கு ஓய்வில்லை, அதனால் நான் எழுதுகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை எனக்குச் சமாதானம் சொல்கிறான். ஸ்பானர் பிடிக்கிற கைக்குப் பென்சில் கனக்குமா? ஏன் எழுத மாட்டேன் என்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன் வீட்டுச் சேதி. அப்பாவுக்கு இருமல் விட்டபாடில்லை. சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தால் ஜன்னல் வழியாக முருங்கைக்கு ஊற்றிவிடுகிறார். முருங்கை நன்றாக இருக்கிறது. ஆடிப்பூரத் தேருக்கு ஊர் கொள்ளாத கூட்டம். சர்ச் காம்பவுண்டில் நான் நடத்தும் குழந்தை வகுப்புக்கும் லீவு விட்டோம். மறுநாள் பிள்ளைகள் வந்து மரக்கட்டைகளை அடுக்கித் தேர் கட்டினார்கள். வடத்துக்கு ஒன்றும் கிடைக்காமல் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். நான் சிரித்துக்கொண்டே இழுபட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ராஜபாளையத்து ராஜரத்தினம் வாத்தியாரைப் பழி வாங்கிவிட்டேன். பாதிதான் வாங்கியிருக்கிறேன். மீதியை உன்னிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

நாம் ராஜபாளையத்தில் இருந்தபோது நடந்ததை நீயும் நானும் ஒருநாள்கூட வாய்விட்டுப் பேசியதில்லை. இன்று நான் எழுதிவிடுகிறேன். உனக்கு அப்போது ஐந்து வயது. சிலேட்டுக்குச்சியை நொட்டாங்கையால் எடுத்தாய். அது ஒன்றுதான் நீ செய்த குற்றம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டுக்கொண்டே அந்த மனுஷன் உன் இடது கையை முதுகுப்பக்கம் வளைத்து அரைஞாணோடு கட்டினார். கட்டியது உன் சொந்தப் பம்பரச் சாட்டையால். தினமும் கட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருநாள் வீட்டிலும் அவிழ்க்கக் கூடாது, சோறு தின்னும்போதும் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிக் கட்டோடு அனுப்பிவிட்டார். வாசலில் வந்து நின்று அம்மா என்று கூப்பிடப் பார்த்தாய். அ, அ என்றதோடு நின்றுவிட்டது. அதற்கு முன் உனக்கு வாய் ஓயாது.

முடிச்சை அவிழ்க்க எனக்குப் பொறுமை இல்லை. அரிவாள்மணையில் கயிற்றை அறுத்துக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போனேன். என் பிள்ளைக்குப் பேச்சுத் திக்குகிறதே ஐயா என்றேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சோத்தாங்கையால எழுத வந்துட்டான்லா, பொறவு என்ன வேணும் ஒங்களுக்கு, பேச்சு குறைஞ்சா வீடு நிம்மதியா இருக்கும்லா என்றார். பக்கத்திலிருந்த வாத்தியார்மார் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. அன்றே உன்னை அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினேன். அறுத்த கயிற்றை முடிச்சோடு ஜெபப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். தினமும் ஜெபிக்கும்போது கண்ணில் படட்டும் என்றுதான்.

பிறகு பாளையங்கோட்டைக்குப் போய்க் குழந்தை வகுப்புப் பயிற்சி எடுத்தேனே, சேவை செய்ய ஆசைப்பட்டுப் போனேன் என்று சபையில் எல்லாரும் மெச்சினார்கள். சேவையாவது ஒன்றாவது. கோபத்தில் படித்த படிப்பு அது. அங்கேதான் புது முறைகளைக் கண்டேன். உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டியிருக்கும். பிள்ளை முதலில் அதை விரலால் தடவி அறிய வேண்டும், பென்சில் எல்லாம் அப்புறம். மரச்சட்டத்தில் நாடாவும் கயிறும் கட்டியிருக்கும். முடிச்சுப் போடவும் அவிழ்க்கவும் தானாகவே பழகிக்கொள்ளும். எந்த வேலையை எடுப்பது, எந்தக் கையால் எடுப்பது என்பது பிள்ளையின் இஷ்டம். டீச்சர் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கையை மாற்றினால் பேச்சுத் திக்கும் என்று சீமை வைத்தியர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள், வேறு சிலர் அதை ஒப்பவில்லை என்று பயிற்சி டீச்சரம்மா சொன்னார்கள். அவர்கள் ஆராய்ந்து முடிக்கும் வரை நான் காத்திருக்க முடியுமா? நான் பெற்ற பிள்ளையைவிட எனக்கு வேறு அத்தாட்சி எதற்கு?

இந்த வருஷம் வகுப்புக்குக் கிறிஸ்துராஜ் என்று ஒரு சின்னப் பயல் வந்தான். யாராவது புதிதாக உள்ளே வந்தால் இடது கையைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொள்வான். நீயும் அப்படித்தான் உட்காருவாய். அவன் தாய் செல்லக்கனியை விசாரித்தேன். எங்கப்பாதான் டீச்சர் திருத்திக்கிட்டு இருக்காவ, ஞாயித்துக்கெழமை வந்தா கையில ஸ்கேல் வச்சுத் தட்டுதாவ, அடுத்த மாசம் ராஜபாளையத்துக்கே கூட்டிட்டுப் போயி முழுசா மாத்திருதேன்னு சொல்லுதாவ என்றாள். அப்பா பெயர் என்ன என்று கேட்டேன். ராஜரத்தினம் வாத்தியார்.

அவருடைய சொந்த ரத்தத்திலேயே ஒரு நொட்டாங்கை! அன்று ராத்திரி நான் இரட்டிப்பாகச் சாப்பிட்டேன். பழி வாங்குவது கர்த்தருடைய வேலை, நீ ஏன் முந்திக்கொண்டு போகிறாய் என்று அப்பா கேட்டார். தெய்வம் நின்று கொல்லும் என்பார்களே, இத்தனை வருஷம் நின்றதில் கால் வலித்திருக்கும், கொஞ்சம் ஒத்தாசை செய்கிறேன் என்றேன். அவர் இருமப் போய்விட்டார்.

போன வெள்ளிக்கிழமை பெற்றோரை அழைத்து வகுப்பைக் காட்டினோம். சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? ராஜரத்தினம் வாத்தியாரேதான். நானே மரியாதையாக எழுதி வரவழைத்தேன். ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி, கோட்டும் தலைப்பாகையுமாக வந்து இறங்கினார். என்னை அடையாளம் தெரியவில்லை. மாலை போட்டேன். எங்கள் வகுப்பில் பெரியவர்களுக்கு நாற்காலி கிடையாது என்று சொல்லிப் பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சியைக் காட்டினேன். முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்தார். ஐம்பதில் என்ன, எழுபதிலும் வளைகிறதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிள்ளைகள் அவரவர் வேலையை எடுத்தார்கள். கிறிஸ்துராஜ் உப்புத்தாள் எழுத்தை எடுத்துத் தடவத் தொடங்கினான். நிமிர்ந்து தாத்தாவைப் பார்த்தான். உடனே கை தொடைக்கு அடியில் போய்விட்டது. எல்லாரும் பார்த்தார்கள். நான் எழுந்து போய் அந்தச் சாட்டையை வாத்தியார் உள்ளங்கையில் வைத்தேன். என்ன கயிறும்மா இது என்றார். என் மகன் வில்சனோட பம்பரச் சாட்டை, கயித்த அறுத்தது நான், முடிச்சு நீங்க போட்டது, இப்போ அவுத்துக் குடுங்க ஐயா, எல்லாரும் பாக்கட்டும் என்றேன்.

அப்போதுதான் என்னை அடையாளம் கண்டார். அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தானம்மா செஞ்சோம் என்று மெதுவாகச் சொன்னார். எல்லாரும் செஞ்சாக, ஆனா இந்த முடிச்சு உங்களது என்றேன். அவர் அவிழ்க்கத் தொடங்கினார். எத்தனை வருஷத்து முடிச்சு! கல்லாக இறுகியிருந்தது. இழுத்து இழுத்துப் பார்த்தார், வியர்த்து ஊற்றியது. பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் திருப்பவில்லை. பொய் எதற்கு, மகனே? இந்த ஊர்ப் பால்கோவாகூட எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

அப்போது அந்தச் சின்னப் பயல் எழுந்து வந்தான். தாத்தா, இப்படி இழுக்கப்படாது, இறுகிக்கிடும் என்றான். கயிற்றை வாங்கி மடியில் வைத்து, சட்டத்தில் பழகியபடி முடிச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினான். எல்லாம் இடது கையால்தான். நகத்தை விட்டு நெம்பி அவிழ்த்துவிட்டு, நேராக்கின கயிற்றைத் தாத்தா கையில் கொடுத்து, பம்பரம் எங்கே டீச்சர் என்று என்னைக் கேட்டான். வாத்தியார் தலைப்பாகையைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். செல்லக்கனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, இவனை ராஜபாளையத்துக்கு அனுப்ப மாட்டேன் அப்பா என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னாள்.

அதோடு என் மனம் ஆறிவிட்டது என்று நினைக்காதே. ஆறவில்லை. போகும்போது வாத்தியார் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று உன் விலாசம் கேட்டார். உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டுமாம். எழுதிவிட்டுப் போவது லேசு ஐயா, அவன் ஊருக்கு வரும்போது நேரில வாங்க, அவன் பேசுவான், பேசி முடிக்க எம்புட்டு நேரம் ஆனாலும் நடுவுல வாயைத் தொறக்காம நின்னு கேக்கணும், அதுக்குச் சம்மதமா என்றேன். சம்மதம் என்று தலையாட்டினார். ஆனாலும் விலாசத்தைக் கொடுக்கவில்லை. அதைக் கொடுப்பது என் பிள்ளையின் இஷ்டம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மீதி என்று சொன்னது இதுதான். அவரை வரச் சொல்லவா, வாசலோடு விரட்டவா? எதைச் சொன்னாலும் அம்மா செய்வேன். ஆனால் அதை நீ எழுத வேண்டும். இருதயம் எழுதினால் செல்லாது. வலது கையால் எழுதினாலும் செல்லாது. கோழி கிளறியது போல இருந்தால் இருக்கட்டும், எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தை போதும். அன்று வாசலில் நின்று நீ சொல்ல முடியாமல் போன வார்த்தையாக இருந்தாலும் போதும்.

முடிச்சில்லாத சாட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். பம்பரம் அங்கே கடையில் கிடைக்கும்.

கர்த்தர் உன் இரண்டு கைகளையும் ஆசீர்வதிப்பாராக. இடது கையை முதலில்.

தபால்காரனை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா,
தேவகிருபை எலியேசர்.