மூச்சின் கோடு

என் வீட்டுக்காரிக்கு,

சுகம்தானே? முழங்கால் வலி குறைந்ததா? இந்த முறை யாரிடமும் சொல்லி எழுதவில்லை, இது நானே கற்று எழுதிய என் சொந்தக் கையெழுத்து. கோணலாக இருந்தாலும் சிரிக்காதே.

நான் கூட்டித் துடைக்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு வேடிக்கை. ஒரு பேய்ப் படத்துக்கு இசையமைக்கும் தம்பி கம்ப்யூட்டரில் போடும் சத்தம் அசையாமல் மரம்போல் நிற்கிறதாம். போன மாதம், கம்ப்யூட்டரோடு இணைத்த ஒரு குழாயைத் தந்து என்னை ஊதச் சொன்னார். என் மூச்சு ஏறினால் சத்தமும் ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது. திரையில் அது கோடாக ஓடுகிறது. எழுத்து மட்டுமா, இப்போது கோடும் படிக்கிறேன்.

நேற்று, போன மாதக் கோட்டையும் புதுக் கோட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். புதியது பாதி உயரம்தான்.

"பெரியவரே, வேணும்னே மெதுவா ஊதுறீங்களா?"

"இல்ல தம்பி, தம் கட்டித்தான் ஊதினேன். பேய்ப் படத்துக்குத்தானே, பொருத்தமா இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. டாக்டரிடம் போகலாம் என்கிறார்.

நீ கவலைப்படாதே. நான் பஞ்சாலையில் வேலை பார்த்தபோது எடுத்த என் நெஞ்சு எக்ஸ்ரே, பெட்டியில் உன் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது. அதை அனுப்பு. நீ போர்த்திய பழைய போர்வை ஒன்றும் வை, துவைக்காமல். மகனிடம் சொல்லாதே. இதைச் சொல்லி இன்னொருவரை எழுத வைக்க எனக்கு மனம் வந்திருக்காது.

தம்பி குழாயோடு கூப்பிடுகிறார். இன்று கோட்டை முதல் நாள் உயரத்துக்கு ஏற்றிக் காட்டுகிறேன், பார்.

உன் வீட்டுக்காரன்