கடைசி அறையில் மாட்டிய படம்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். நம் ஆற்றைப் பற்றி உன் அருங்காட்சியகத்துக்கு நீ எழுதிய கண்காட்சிப் புத்தகம் நேற்று வந்தது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மிஷின் சுற்றி முடிக்கும்வரை முதல் நான்கு அறைகளையும் பெருமையாகத்தான் படித்தேன். கல்லைத் தீட்டி மீன் குத்தியவர்களுக்கு ஆறு சோறு போட்டது. பின்னால் வந்தவர்கள் அதைத் தெய்வமென்று கும்பிட்டார்கள். அப்புறம் ஒரு ராஜா படகுக்கெல்லாம் வரி போட்டான். கப்பலில் வந்தவர்களோ காட்டை வெட்டி, மரத்தை மிதக்கவிடும் பாதையாக்கினார்கள். என் தம்பி எவ்வளவு அழகாக எழுதுகிறான் பார் என்று பக்கத்து மிஷின்காரிக்குப் படித்தும் காட்டினேன்.

ஐந்தாவது அறை வந்ததும் வயிறு எரிந்துபோயிற்று. "கரையோரச் சலவைக்காரர்கள் ஆற்றின் மதிப்பறியாமல் அதை அழுக்காக்கினர்." இதை எழுத உனக்குக் கை கூசவில்லையா? பாலத்துக்கு மேலே சாய ஆலை, ஒரு நாள் சிவப்பும் ஒரு நாள் நீலமுமாக ஆற்றில் கழிவைத் திறந்துவிட்டதே, அது எங்கேடா? ஒரு வரிகூட இல்லை!

அதற்குக் கீழே ஒரு படம். குனிந்து துணி அடிக்கும் பெண்ணின் முதுகு. "அடையாளம் தெரியாத பெண்" என்று போட்டிருக்கிறாய். நன்றாகப் பார். இடது கையால் ஓங்குகிறாள். அது நம் அம்மாடா! நீ படியில் உட்கார்ந்து பாடம் படித்தவன், அவள் முகத்தைத்தான் பார்த்தாய். பின்னால் நின்று துணி பிழிந்தவள் நான். அந்த முதுகு எனக்குத் தெரியாதா?

திறப்பு விழாவுக்கு வந்தே தீருவேன் என்று அம்மா நிற்கிறாள். அதற்குள் அதை மாற்று.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் தணிந்த பிறகு இதைப் படி. அம்மா என்று தெரியாமல்தான் பழைய படக்கட்டிலிருந்து எடுத்தேன், சத்தியம். உன் கடிதம் வந்ததும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அம்மாதான். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

ஆனால் பலகை சுவரேறிவிட்டது. இந்தக் கட்டடத்துக்கு இடம் கொடுத்ததே சாய ஆலை முதலாளி. அவரை நான் எப்படி எழுத? இயக்குநர் என்னைத் தூக்கிவிடுவார். நான் சொன்னது பண்பாடுகளைப் பற்றி அக்கா, ஆட்களைப் பற்றி இல்லை. முதுகுதானே, யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்? அம்மாவுக்குப் படிக்கவும் தெரியாது. விழாவில் மட்டும் அது யாரென்று வாயைத் திறக்காதே. உன் காலில் விழுகிறேன்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 21

தம்பிக்கு,

விழா முடிந்து மூன்று நாளாகியும் எனக்குக் கோபம் இறங்கவில்லை. படத்தின் முன் நின்றதும் அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "அட, நான்டி! என் புள்ள என்னை மறக்கல பாத்தியா!" என்றாள். உன்னைத் தேடிப் பிடித்து, "கீழ என்னப்பா எழுதியிருக்க?" என்று கேட்டாள். கோட்டு சூட்டுப் பெரிய மனிதர்கள் நடுவில் நீ நெளிந்தாய். "ஆத்தங்கரையில உழைச்சவங்கன்னு எழுதியிருக்கேம்மா" என்றாய். உன் நாக்கு எப்படித்தான் புரண்டதோ! வாயில் வந்தது சுவரில் வர என்ன கேடு?

அம்மா தெருவெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டாள். தன்னோடு துவைத்தவர்கள் ஏழு பேரை அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு வருகிறாள். அதில் இரண்டு பேருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நன்றாகவே வரும். அதற்குள் நீ சொன்ன பொய்யையாவது மெய்யாக்கு.

அக்கா

மார்ச் 25

அக்கா,

இயக்குநரைப் பார்க்க இரண்டு முறை போனேன். கதவுவரை போய்த் திரும்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஐந்தாவது அறை பராமரிப்புக்காக மூடியிருக்கும். நான்தான் பூட்டச் சொன்னேன். மற்ற அறைகளைக் காட்டி அவர்களை அனுப்பிவிடு. அம்மாவிடம் ஏதாவது சொல்லிச் சமாளி.

தம்பி

மார்ச் 28

பூட்டிய கதவின் முன் எட்டுப் பெண்களும் நின்றார்கள். "உள்ள என் படம் இருக்குப்பா, ஒரே ஒரு தடவை திற" என்று அம்மா காவலாளியிடம் கெஞ்சினாள். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. எல்லோரையும் வெளியே படியில் உட்காரவைத்தேன். உன் புத்தகத்தை விரித்து, ஐந்தாவது அறையை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன்.

அம்மா அழவில்லை. "சோப்பு நுரை விட்டோம், இல்லன்னு சொல்லல. அந்தச் சாயத்துல இறங்கி நின்னு கால் வெந்ததும் நாங்கதான். அதுக்கும் நாங்களாடி பதில் சொல்லணும்?" என்றாள். வீட்டுக்கு வந்த பிறகு உனக்கு எழுதச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"எழுத்து இருந்துட்டுப் போகட்டும். அவன் வேலை அவனுக்கு. என் படத்தை மட்டும் கழட்டிடச் சொல்லு. என் முதுகைக் காட்டி அவன் சோறு திங்க வேணாம்."

திங்கட்கிழமை வருகிறேன். படத்தை வாசல் காவலாளியிடம் கொடுத்துவை. நீ இறங்கி வர வேண்டாம்.

அக்கா